சிவப்பு நூல் முடிச்சு

சனிக்கிழமை, காலை 10.20.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஆப்பிள் இருந்தது. ஊதுபத்திச் சாம்பல் நிறைந்த கிண்ணம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய அஸ்திப் பெட்டி மட்டும் இல்லை. பதினெட்டு மாதம் அது இருந்த இடத்தில், தூசு படாத ஒரு சதுரம் பளிச்சென்று தெரிந்தது.

"யூனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார் டெர்மட்.

எஃபுவா அலமாரியை நெருங்கிப் பார்த்தாள். யூன் டெர்மட்டின் ஒரே மகள். இருபத்திரண்டு வயதில் ரத்தக் கோளாறில் போனவள். அறையை அவர் மாற்றவே இல்லை. நாற்காலியில் அவளுடைய மஞ்சள் குளிர்ச்சட்டை இன்னும் தொங்கியது. சுவரில் வெப்பக் குழாய் டொக் டொக்கென்று சத்தம் போட்டபோது, யாரோ உள்ளே வரட்டுமா என்று கேட்பதுபோல் இருந்தது.

டெர்மட் அயர்லாந்துக்காரர். சீனாவின் தையுவானில் ஆங்கிலம் கற்பிக்க வந்து இருபத்தாறு வருடம். இங்கேயே கல்யாணம், இங்கேயே மனைவியின் சாவு. அடுத்த மாதம் அறுபது முடிகிறது, வேலை அனுமதியும் முடிகிறது. அதன்பின் ஊர் திரும்ப வேண்டும். எஃபுவா கானாக்காரி. அக்ராவில் பத்து வருடம் பத்திரிகைப் பிழை திருத்தியவள், இப்போது டெர்மட்டின் கல்லூரியிலேயே ஆசிரியை. பிழை தேடும் கண் அவளை விட்டுப் போகவில்லை.

"எப்ப பாத்தீங்க?"

"எட்டு மணி வகுப்பு முடிஞ்சு பத்து மணிக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. கைப்பிடில இது."

சிவப்பு நூல். வரிசையாக மூன்று முடிச்சு.

மடிக்கணினி மேசையில் இருந்தது. பணப்பை இழுப்பறையில் இருந்தது. பூட்டில் கீறல் இல்லை. வாசலோரம் இருந்த பீங்கான் ஜாடியில் ஒரு கைத்தடி மட்டும் நின்றது. மழை வந்தால் எஃபுவா இரவல் வாங்கும் கறுப்புக் குடை, பிடியில் நீல நாடா சுற்றியது, அங்கே இல்லை. ஊரில் மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது.

காலை 10.50.

துணை ஆய்வாளர் ஃபெங் குறிப்பேட்டை மூடினாள். "மாற்றுச் சாவி யார்கிட்ட?"

"கட்டடக் காவலாளி ச்சியாவ்கிட்ட" என்றார் டெர்மட்.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் குடியிருக்கும் ச்சியாவை இரண்டு காவலர் அழைத்து வந்தார்கள். அறுபத்தைந்து வயது. பஞ்சுக் கோட்டின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"காலையில இந்த வீட்டுக்கு வந்தியா?"

"இல்லம்மா. கொதிகலன் அறையில இருந்தேன்."

"யார் பாத்தா?"

"கொதிகலன்தான் பாத்தது."

ஃபெங் சிரிக்கவில்லை. "கல்யாணமாகாத பொண்ணோட அஸ்திக்கு என்ன விலைன்னு தெரியுமா?"

ச்சியாவின் முகம் வெளுத்தது. "அம்மா, அந்த ஆப்பிளை மாசா மாசம் மாத்தி வைக்கிறதே நான்தான். சார், நீங்களாவது சொல்லுங்க சார்."

டெர்மட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மணிக்கு வழக்கு எழுதிடுவேன்" என்றாள் ஃபெங். வழக்கு எழுதினால் ச்சியாவுக்கு வேலை போகும், அறையும் போகும். காவலர் அவரைக் கீழே அழைத்துப் போனபோது எஃபுவா பின்னாலேயே படியிறங்கினாள். "அண்ணே, அதுக்குள்ள வந்துடறேன்" என்றாள்.

காலை 11.40.

வெளிநாட்டு ஆசிரியர்கள் ஞாயிறுதோறும் கூடும் நூடுல்ஸ் கடையில் பின்னறை ஒன்று உண்டு. பழைய புத்தகங்கள், ஒரு பத்திரிகை அலமாரி, சுவரில் ஒரு பலகை. உள்ளூர்ச் செய்தித்தாள்களில் வரும் விநோதங்களை வெட்டிப் பலகையில் குத்துவார்கள். அவர்களில் ஒருவனான பிரைஸ் சத்தமாக மொழிபெயர்ப்பான், மேசையே சிரிக்கும். பன்றிக்கு வழக்கறிஞர் வைத்தவர், பாலத்தைத் திருடி விற்றவர் என்று எல்லாம் அந்தப் பலகையில் உண்டு. பின்னறைச் சாவியும் அலமாரிச் சாவியும் மூவரிடம்தான்: பிரைஸ், எஃபுவா, டெர்மட்.

போன ஞாயிறு வாசித்தது அஸ்தித் திருட்டு. கல்யாணமாகாமல் செத்த பெண்ணின் அஸ்தியைத் திருடி, அதே மாதிரி செத்த ஆணுக்குக் கட்டிவைத்துப் புதைக்க விற்கும் கும்பல் ஒன்று ஏதோ ஒரு மாவட்டத்தில் பிடிபட்டிருந்தது. "திருடின வீட்டுக் கதவுல சிவப்பு நூல்ல மூணு முடிச்சு போட்டுட்டுப் போவாங்களாம். கல்யாணப் பத்திரிகை!" என்றான் பிரைஸ். மேசை குலுங்கச் சிரித்தது. எஃபுவாவும் சிரித்தாள். டெர்மட் மட்டும் பாதிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். மகளை இழந்தவர் முன்னால் வாசித்திருக்கக் கூடாது என்று எல்லோருக்கும் அப்புறம்தான் உறைத்தது.

இப்போது எஃபுவா பலகையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து நின்றபடி படித்தாள். எதிரே ஒரு காலி நாற்காலி. முன்பெல்லாம் யூன் உட்காருவது அதில்தான். தாய்மொழியில் படிக்கிறவள் அவள் ஒருத்திதான் என்பதால், பிரைஸ் வாயைத் திறக்கும்போதெல்லாம் குறுக்கே பாய்வாள்.

*அங்கிள், பேப்பர்ல அப்படி இல்லையே.*

குரல் அவ்வளவு கிட்டத்தில் கேட்டது. எஃபுவா நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் துண்டை முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

பிரைஸ் நூடுல்ஸுக்கு ஊற்றிய வினிகர் நெடியோடு உள்ளே வந்தான்.

"பிரைஸ், நூல் எங்க வருது?"

"எந்த நூல்?"

"சிவப்பு நூல். மூணு முடிச்சு. இதுல ஒரு வரிகூட இல்ல."

அவன் காதைச் சொறிந்தான். "அது... நான் சேத்தது. கதைன்னா கொஞ்சம் உப்பு வேணாமா? எல்லாத்துக்கும் சேப்பேன். முன்னாடி யூன் பிடிச்சுடுவா. இப்பதான் யாரும் பிடிக்கறதில்ல."

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. ஏன், என்ன ஆச்சு?"

எஃபுவா பத்திரிகை அலமாரிக்குப் பக்கவாட்டில் பார்த்தாள். அங்கே கறுப்புக் குடை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. பிடியில் நீல நாடா.

பிற்பகல் 3.00.

பின்னறையில் எஃபுவாவைத் தவிர ஐந்து பேர் இருந்தார்கள். டெர்மட், பிரைஸ், ஃபெங், அவளருகே ச்சியாவ். ஐந்தாவது ஆள், டெர்மட்டின் மனைவிக்கு அண்ணன் கெங். யூனின் அஸ்தியை இன்று கிராமத்துக்கு எடுத்துப்போய்த் தாயின் பக்கத்தில் புதைப்பதாக ஏற்பாடு. இரண்டு மாதத்துக்கு முன் தங்கை கல்லறை முன்னால் டெர்மட் கொடுத்த வாக்கு அது. கெங் புதுசாய் வாங்கிய கறுப்புக் குடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்.

எஃபுவா நின்றுகொண்டே பேசினாள்.

"திருடன் நூல் கட்டினான். நூல் கட்டுற வழக்கம் எந்தத் திருடனுக்கும் கிடையாது. அது பிரைஸ் போன ஞாயித்துக்கிழமை இந்த மேசையில கட்டிவிட்ட கதை. ச்சியாவ் அண்ணன் இங்க வந்ததே இல்ல, அவருக்கு ஆங்கிலமும் தெரியாது. கெங் ஐயா நூறு கிலோமீட்டர் தள்ளி கிராமத்துல இருக்கறவர். அப்படின்னா, எடுத்தது இந்த மேசையில உக்காந்து கேட்ட ஒருத்தர்."

"இந்த மேசைல ஏழு பேர் உக்காருவீங்களே" என்றாள் ஃபெங்.

"ஆமா. அதுல அந்த வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்குன்னு பாக்கறதுக்கு முன்னாடி, இன்னொண்ணு. எடுத்தவர் குடையையும் எடுத்தார். மூணு வாரமா வானத்துல ஒரு மேகம் இல்ல. அஸ்தியைத் தூக்கிட்டு வாசல் தாண்டினா அதுமேல வானம் படக் கூடாது, கறுப்புக் குடை பிடிக்கணும்னு இந்த ஊர்ல வீட்டு ஆளுங்க செய்வாங்க. விக்கறவன் சாக்குல போட்டுட்டு ஓடுவான். குடை பிடிச்சுத் திருடுறவன் திருடனே இல்ல. அவளை அவ்வளவு நேசிக்கறவர். மனைவி இறந்தப்போ அதைக் கத்துக்கிட்டவர்."

அவள் திரும்பினாள். "டெர்மட். அந்தப் பத்திரிகை அலமாரியைத் திறங்க."

பிறகு டெர்மட் சட்டைப்பையிலிருந்து சாவி எடுத்தார். பழைய செய்தித்தாள்களுக்குப் பின்னால், மஞ்சள் கழுத்துத்துணி சுற்றிய மரப்பெட்டி இருந்தது.

"எட்டு மணிக்கு வகுப்பு. ஏழுக்கே கொண்டாந்து வச்சுட்டேன்" என்றார் டெர்மட். "அந்தச் செய்தி கேட்ட நாள்லேர்ந்து தூக்கமில்ல. மச்சான் ஏன் இவ்வளவு அவசரமா கேக்கறார், எவனுக்கோ கட்டிக்குடுக்கத்தான்னு... வாக்குக் குடுத்துட்டேன், முடியாதுன்னு சொல்ல வாய் வரல. கூடவே ஊருக்குக் கொண்டுபோயிடலாம்னு நெனச்சேன்."

"அதுக்கு என்னை உள்ள தள்ளுவீங்களா சார்?" என்றார் ச்சியாவ்.

டெர்மட் இடுப்பு வரை குனிந்தார். ச்சியாவ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பொய்ப் புகார் குற்றம்" என்றாள் ஃபெங். "திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரணும். இன்னைக்கு வேணாம்." அவள் ச்சியாவின் கோட்டுப் பொத்தானைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். "நீங்க போகலாம்."

அப்போதுதான் கெங் வாய் திறந்தார். கோபப்படுவார் என்று பிரைஸ் தள்ளி நின்றான்.

"ஏன் மாப்பிள்ளை, என்கிட்ட கேக்கறதுக்கென்ன? எங்களைப் பத்தி நாலு வரி பேப்பர்ல வந்தா, அதுதான் நாங்களா? இருபத்தாறு வருசம் என் வீட்டுல சோறு தின்னிருக்கே."

டெர்மட் தலை நிமிரவில்லை.

"ஆளுங்களை விட்டு இடம் வெட்டி வச்சிருக்கேன். என் தங்கச்சிக்கு வலப்பக்கம் பொண்ணு. எந்தப் பயலும் பக்கத்துல கிடையாது." கெங் இருமினார். "பொண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இடம் காலியா விட்டிருக்கேன். வயசாகி ஊருக்குப் போறேன்னு நீ சொன்னே. என்னைக்காவது திரும்பணும்னு தோணினா, எங்க படுக்கறதுன்னு நீ அலையக் கூடாதில்ல."

பிரைஸ் மேசையில் கிடந்த செய்தித்தாள் துண்டை எடுத்தான். கிழிக்கலாமா என்று பார்த்தான், கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

டெர்மட் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். இரண்டு கையும் நிறைந்துவிட்டது. கெங் தன் புதுக்குடையை வாசலுக்கு இந்தப் பக்கமே நின்று விரித்தார். ச்சியாவ் ஒரு கணம் தயங்கிவிட்டு, சுவரோரம் இருந்த நீல நாடாக் குடையை எடுத்து மறுபக்கம் விரித்துப் பிடித்தார்.

வெளியே மேகமில்லாத வானம். எஃபுவா கடைசியாக விளக்கை அணைத்தாள். அதற்கு முன், யூனின் நாற்காலியை யாரோ எழுந்துபோன பின் செய்வதுபோல மேசைக்கு உள்ளே தள்ளி வைத்தாள்.