தகப்பன் பறவை கூப்பிடும் நேரம்

திவச நாளில், மச்சம் சமைக்காத வீட்டில் மீன் நாற்றம் எப்படி வரும்? தவநாயகி கறிச்சட்டிகளை முகர்ந்தாள், குப்பை வாளியைத் திறந்து பார்த்தாள், கடைசியில் நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே லண்டன் பிளேஸ்டோவின் அந்தப் பத்தாம் மாடிப் பால்கனிக்கு வந்து சேர்ந்தாள். காகத்துக்கு வைத்த சோறு தொடப்படாமல் காய்ந்து கிடந்தது. கம்பியின் மேல் ஒரு பறவை. கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, ஆள் மாதிரி நிமிர்ந்த நிலை.

அந்தச் சாதிப் பறவையை அவளுக்குத் தெரியும். போன வருடம், இவை ஆயிரக்கணக்கில் அடைந்து குஞ்சு பொரிக்கும் கடலோரச் செங்குத்துப் பாறையில்தான், படம் எடுக்கப் போன அவள் புருஷன் யோகராஜா கால் வழுக்கி விழுந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. பாவி மனுசன்! அதற்குச் சற்று முன்புதான் மகள் தக்ஷிகாவைத் தோளில் தூக்கி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குஞ்சுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. பொழுதுபடேக்க தகப்பன் கீழ கடல்ல நிண்டு கூப்பிடும். உடன குஞ்சு பாறையிலயிருந்து குதிச்சிடும்."

"பயமில்லையோ அப்பா?"

"தகப்பன் நிக்கேக்க என்ன பயம்?"

இன்று காலையில் எவ்வளவு கூப்பிட்டும் ஒரு காகம் வரவில்லை. அந்த எரிச்சலில் தவநாயகிதான் ஐந்து வயது மகளிடம், "நீ அப்பா எண்டு கூப்பிடு பிள்ளை, வந்து சாப்பிடட்டும்" என்றாள். தக்ஷிகாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

இப்போது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. நாற்றம் தாங்காமல் தவநாயகி, பறவையைப் பார்த்து நின்ற தக்ஷிகாவைப் பால்கனியில் விட்டுவிட்டு, கம்பியைத் துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனாள். கீழே கார்கள் நிற்கும் முற்றத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. தொண்டைக்குள் உருளும் நீண்ட கரகரப்பு, அதன் அடியில் அலையின் இரைச்சல், அதற்கும் அடியில், ஐயோ, பழகிய குரல் ஒன்று.

"அம்மா, அப்பா கூப்பிடுறார்."

பால்கனியில் கதிரையின் கால்கள் கம்பிப் பக்கமாக இழுபட்டன.

பாய்ந்தாள். பிள்ளை கம்பிக்கு அந்தப் பக்கம் தொங்கியது. இரண்டு மணிக்கட்டுகள் மட்டும் அகப்பட்டன.

"விடுங்கோ அம்மா. நான் போறன்."

"ஏலாது! ஏலாது பிள்ளை!"

குனிந்தாள். கார்கள் இல்லை. கறுத்த தண்ணீர். மார்பளவு தண்ணீரில் யோகராஜா. விரித்த கைகள்.

"தவம்," என்றார், அதே பொறுமையுடன். "பிள்ளையை விடும். நான் பிடிக்கிறன்."

ஒரு வருடமாக இந்தக் குரலுக்குத்தான் அழுதாள். அவர் சொல்லி எதையும் மறுத்தவளில்லை.

"ஓமப்பா," என்றாள்.

விரல்கள் தளர்ந்தன. கம்பியில் சாய்ந்து, தண்ணீர் தெறிக்கும் சத்தத்துக்காகக் காது கொடுத்து நின்றாள்.

கீழே ஒரு காரின் அலாரம் அலறத் தொடங்கியது.