பாப்பாவுக்கு வைத்த பெயர்

கோப்பு வேறெங்கோ திறந்திருக்கிறது, மூடிவிட்டு மறுபடி முயலவும் என்றது கம்ப்யூட்டர். லோஷினி அதைத் திறக்கவேயில்லை.

பாலோ ஊரில் மதியம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. வீட்டைச் சுற்றி நின்ற செம்பனை மரங்களில் தண்ணீர் சளசளவென்று இறங்க, அவள் முதுகுக்குப் பின்னால் ஸ்பிரிங் தொட்டில் பாப்பாவின் எடைக்குக் கிரீச், கிரீச் என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நாளைக்குப் பாப்பாவுக்குப் பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயரோ இந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது.

அவள் கணவன் கமலநாதன் தன் குரலிலேயே பதிந்து வைத்த பெயர். "பேர் வைக்கிற அன்னிக்குத்தான் நீயும் கேக்கணும், அதுவரைக்கும் தொடக்கூடாது லா," என்று அவளிடம் சிரித்தான். அடுத்த வாரமே, சிங்கப்பூர் வேலைக்கு பைக்கில் போனவன் மழையில் லாரிக்கு அடியில் போய்விட்டான். பாப்பாவின் காதில் மூன்று முறை பெயர் சொல்வது அப்பாவின் குரலாகவே இருக்கட்டும் என்று லோஷினி இதுவரை அதைக் கேட்கவில்லை. "யாரு மொதல்ல காதுல கூப்பிடுறாங்களோ, புள்ள அவங்க பின்னாலதான் ஓடும்," என்று காலையில்கூட அம்மா கேலி செய்தாள்.

சி டிரைவ் நிரம்பி, கம்ப்யூட்டர் அடிக்கடி அசையாமல் நின்றது. ஒரேயடியாகப் படுத்துவிட்டால் அந்தக் குரலும் போச்சு. தம்பி விஜயன் போனில் வழி சொன்னான்.

"டெஸ்க்டாப்ப அப்படியே டி டிரைவுக்கு மாத்திருங்க அக்கா. லொக்கேஷன், மூவ். அவ்ளோதான்."

"எல்லாம் போயிருச்சுடா. அத்தான் வாய்ஸ் மட்டும் போகமாட்டேங்குது."

"எதுலயோ ஓடிக்கிட்டு இருக்கும். மூடுங்க."

"ஸ்பீக்கரே இன்னும் மாட்டலையேடா..."

லைன் அறுந்தது.

அவள் ஒவ்வொன்றாக மூடினாள். மறுபடி அழுத்தினாள். திறந்திருக்கிறது. நனைந்த மழைக்கோட்டு வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்து வந்தன. மழைதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கிரீச்.

தொட்டில் ஏறவில்லை. ஸ்பிரிங் நீளமாக முனகிக்கொண்டு தாழ்ந்தது, பெரிய ஆள் ஒருவர் அதன்மேல் சாய்ந்ததுபோல்.

கிசுகிசுப்பு. ஒருமுறை.

திரும்ப வேண்டும். கழுத்து அசையவில்லை.

இன்னொரு முறை. அவன் குரல்தான். பெயர் மட்டும் மழையில் கேட்கவில்லை.

மூன்றாவது முறை.

"ம்," என்றது பாப்பா.

திரையில் கோப்பு நகர்ந்து முடிந்தது. ஸ்பிரிங் விருட்டென்று மேலே போனது. எடையில்லாமல்.

லோஷினி திரும்பினாள். வெறும் துணி ஆடிக்கொண்டிருந்தது. தொட்டிலடியிலிருந்து வாசல் வரை ஈரக் காலடிகள். பெரிய காலடிகள். அவற்றுக்குப் பின்னால், விரல் நீளம்கூட இல்லாத குட்டிக் காலடிகள்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மழை. செம்பனை வரிசைகளுக்கு நடுவே இருட்டு. கூப்பிட வாயெடுத்தாள்.

பெயர் தெரியவில்லை.