அளவுச் சட்டை

"ராணி, சுடுதண்ணி வருதில்ல!"

"அம்மா, என்ர வெள்ளைச் சட்டை அயன் பண்ணியாச்சா?"

"ராணி, என்ர கண்ணாடியக் கண்டனீரே?"

குசினியில் யோகராணி புட்டைக் குழலிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பதில்தான் அவளிடம் இருந்தது. அதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்பதால் புட்டைத் தள்ளினாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், நாலாம் மாடி. இரண்டு அறை, ஒரு குளியலறை. இரண்டு கிழமைகளாக, பதினாலு நாளாக, அதற்குள் ஐந்து பேர். கணவன் ஸ்ரீஸ்கந்தராசாவின் அக்கா பத்மலோஜினி, மகன் கஜீவனின் கலியாணத்துக்காகக் கனடாவிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். பெண் கொழும்புப் பிள்ளை. அதனால் தம்பியின் வீடுதான் இப்போது மாப்பிள்ளை வீடு. வியாழக்கிழமை பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கும் அந்தச் சடங்கு மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்க வேண்டும். இன்றைக்குச் செவ்வாய்.

"ராணி, இந்தப் புட்டில தேங்காய்ப்பூ கூடிப்போச்சு. எனக்குக் கொலஸ்ரோல் எண்டு சொன்னனானெல்லே?" என்றாள் லோஜினி மேசையிலிருந்து.

"நேற்றுக் குறையப் போட, காய்ஞ்சு போச்சு எண்டு சொன்னீங்கள் மச்சாள்."

"நேற்று வேற, இண்டைக்கு வேற."

யோகராணி அடுத்த புட்டுக்குக் குழலில் மாவை நிரப்பினாள். இன்னும் ஒரு கிழமை. ஒரே ஒரு கிழமை...

ஹோலின் மூலையில், கடலைப் பார்த்த யன்னலுக்குக் கீழே அவளுடைய தையல் மெஷின் இருந்தது. இருந்தது என்று யாரும் சொன்னால்தான் தெரியும். அதன் மேல் லோஜினியின் இரண்டு பெரிய சூட்கேஸ்கள் ஏறிக் குந்தியிருந்தன.

யோகராணி ஒருகாலம் கொட்டாஞ்சேனையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். மாமியார் பாரிசவாதத்தில் விழுந்தபோது வேலையை விட்டாள். எட்டு வருசம் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் மெஷினை அந்த மூலையில் போட்டாள். மாமியார் போய்ச் சேர்ந்தபிறகும் மெஷின் அங்கேயே நின்றுவிட்டது.

எல்லோரும் வெளியே போனபின், பத்து மணிக்கு அதில் உட்காருவாள். பெரிதாக ஒன்றும் தைப்பதில்லை. தலையணை உறை, உள்பாவாடை, மகள் ஆரணி வீட்டில் போடுகிற பருத்திச் சட்டை. இரண்டு நேர்த்தையல், ஒரு கழுத்து, மடித்து அடித்த விளிம்பு, அவ்வளவுதான். லேஸ் கிடையாது, பூ கிடையாது. நேர்த்தையல் போகும்போது துணி தானாகவே முன்னுக்கு நகரும். பிடித்து இழுக்கத் தேவையில்லை, கையை வைத்திருந்தால் போதும். கீழே கரையோரமாக ரயில் போகும், யன்னல் கண்ணாடி ஒருதரம் நடுங்கி அடங்கும். அந்த இரண்டு மணித்தியாலமும் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கடல் வெளிச்சம் துணியில் விழுந்து, வெறும் வெள்ளைப் பருத்தியைக்கூட ஏதோ பெறுமதியான சாமான் போலக் காட்டும்.

இரண்டு கிழமையாக அது இல்லை. இல்லாதபோதுதான் அவளுக்குப் புரிந்தது, அது இல்லாவிட்டால் தனக்குக் கோபம் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று.

"ராணி," என்று ஹோலில் தன் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடி தொண்டையைச் செருமினார் ஸ்ரீஸ்கந்தராசா. கண்ணாடி, விரித்து வைத்த பேப்பருக்கு அடியிலிருந்து கிடைத்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரத்தில ரெண்டு பெடியள் வருவினம். மெஷினக் கொண்டுபோக."

குழல் அவள் கையில் அப்படியே நின்றது. "எங்க கொண்டுபோக?"

"எங்கட ஒஃபீஸ் பியோன் இருக்கிறாரே, மட்டக்குளிப் பக்கம்... அவரின்ர மனுசிக்குக் குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். பாவம், நல்ல சனம். பொன்னுருக்குக்குப் பொன் உருக்கிற பத்தர் வந்து இருக்கவேணும், பொம்பிள வீட்டுக்காரர் இருபது பேர் வருவினம். ஹோலில இடம் எங்க? அக்காவும் சொன்னவ."

"ஓம், நான்தான் சொன்னனான்," என்றாள் லோஜினி. "ஆர் இப்ப வீட்டில தைக்கினம்? கடையில கொள்ளையாக் கிடக்கு."

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டனீங்களோ?"

"இதில என்ன கேக்கக் கிடக்கு?" ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. "புண்ணியமான காரியம்தானே!"

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். விற்கிறேன் என்றிருந்தால் சண்டை பிடிக்கலாம். தானம் என்று சொல்லிவிட்டார். தானத்தைத் தடுக்கிற பெண்ணை உலகத்தில் யார் மதிப்பார்கள்?

"அப்பா, இது பெரிய அநியாயம்!" என்று ஆரணி அறையிலிருந்து கத்தினாள்.

"நீ வேலைக்குப் போற வழியப் பார்!"

"இண்டைக்கு லீவு! நான் இருந்து பாக்கத்தான் போறன்!"

லோஜினி கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனாள். பொன்னுருக்குக்கு உடுத்தப்போகும் கடும்பச்சைப் பட்டுச் சேலைக்கு யோகராணி தைத்து வைத்திருந்த பிளவுஸை அவள் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. வந்த நாளிலிருந்து, "அது சரியாத்தான் இருக்கும்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

ஐந்து நிமிடம் சத்தமில்லை. பிறகு...

"ஐயோ! தம்பி! இஞ்ச வா! இஞ்ச வந்து பார், உன்ர மனுசி செய்த வேலைய!"

தோளில் துவாயைப் போர்த்துக்கொண்டு லோஜினி கதவில் நின்றாள். முகம் சிவந்திருந்தது. பிளவுஸின் இரண்டு முன்பக்கமும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கக்கூட முடியாத தூரத்தில் நின்றன. கொக்கிக்கும் வளையத்துக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி.

"அளவுச் சட்டை அனுப்பினனான்தானே! ஆளிட்டக் குடுத்து அனுப்பினனான்! அத வச்சுத்தானே தைச்சனீர்?"

"ஓம் மச்சாள், அத வச்சுத்தான்... ஆனா உள்ளுக்கு..."

"உள்ளுக்கும் வேண்டாம் வெளியவும் வேண்டாம்! வேணுமெண்டு செய்திருக்கிறீர்! பொம்பிள வீட்டுக்காரருக்கு முன்னால மாப்பிள்ளையின்ர தாய் இளிச்சவாயாட்டம் நிக்கோணும், அதுதானே?"

"மச்சாள், ஒருக்கா நான் சொல்லுறத... அந்தத் தையல..."

"தையல்! பெரிய தையல்! தலையணை உறை தைக்கிறவளிட்டப் பட்டுத் துணியக் குடுத்தது என்ர பிழை!"

கஜீவன் காதில் போனுடன் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். "அம்மா, ப்ளீஸ்... பொம்பிள வீட்டுக்குக் கேக்குது."

"கேக்கட்டும்!"

யோகராணி மூன்றாம் தடவையாக வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் ஸ்ரீஸ்கந்தராசா பிளவுஸின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார்.

"என்ன ராணி... கொஞ்சம் கவனமாத் தைச்சிருக்கலாமே."

லோஜினி கத்தியது எதுவும் அவளைத் தொடவில்லை. அது வெளியிலிருந்து வந்த சத்தம். இது அப்படியில்லை. இருபத்தாறு வருசமாக இந்த மனிதனின் உள்பெனியன் முதல் யன்னல் திரை வரை அவள் கையால் கடந்து போயிருக்கிறது. ஒரு நாளாவது ஒரு தையல் விட்டிருக்கிறதா? அதைக்கூட அவருக்குக் கவனிக்கத் தெரியவில்லையே...

அவள் கண் நிறைந்தது. துடைக்கவில்லை. நேரே மூலைக்குப் போனாள். இரண்டு சூட்கேஸையும் ஒவ்வொன்றாகத் தூக்கி நிலத்தில் வைத்தாள். மெஷினின் உறையை எடுத்தாள். தூசி தட்டினாள்.

"என்னம்மா செய்யிறீங்கள்?" என்றாள் ஆரணி, குரல் உடைந்து.

"கொண்டுபோறவைக்குத் துப்புரவாக் குடுக்கவேணும்."

"அம்மா!"

அப்போது மணி அடித்தது. வாசலில் இரண்டு பேர். சாமான் ஏற்றுகிற சின்னப் பட்டா லொறி கீழே நிற்பதாகச் சொன்னார்கள்.

"நோனே, மெஷிம மேக்கத?" என்று, இதுதானா மெஷின் என மூத்தவன் சிங்களத்தில் கேட்டான்.

ஸ்ரீஸ்கந்தராசா "ஓவ், ஓவ்" என்று ஆமோதித்தபடி முன்னால் வந்தார். இளையவன் குனிந்து மெஷினின் காலைப் பிடித்தான்.

அந்தக் கை மெஷினில் பட்டதும் யோகராணிக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது.

"டிக்கக் இன்ன மல்லி," என்றாள். கொஞ்சம் பொறுங்கள் தம்பி என்று இவ்வளவு உறுதியான குரலில் அவள் யாருக்கும் சொன்னதில்லை. பெடியன் கையை எடுத்துவிட்டான். "ஆரணி, இவைக்கு ரெண்டு பிளேன்ரீ ஊத்து. மச்சாள், அந்த பிளவுஸக் கழற்றித் தாங்கோ."

"என்னத்துக்கு? கிழிக்கவோ?"

"தாங்கோ எண்டு சொன்னன்."

லோஜினி அறைக்குள் போய்க் கழற்றி, கதவிடுக்கால் நீட்டினாள். ஏன் சொன்னபடி செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

யோகராணி மெஷினில் உட்கார்ந்தாள். பிளவுஸை உட்புறமாகப் புரட்டினாள். பிளேடின் நுனியால் அக்குளில் ஒரு நூலை அறுத்து இழுத்தாள். தையல் பெரிய பெரிய கண்ணாகப் போடப்பட்டிருந்தது. ஒரே இழுவையில் கையிலிருந்து இடுப்பு வரை பாம்புச் சட்டை போலக் கழன்று வந்தது. உள்ளே, மடித்துப் படிய வைத்திருந்த பச்சைப் பட்டு விரிந்தது. ஒரு பக்கம் இரண்டு அங்குலம். மற்றப் பக்கமும் இரண்டு அங்குலம். உள்துணியிலும் அதே அளவு.

ஆரணி தேயிலைச் சாயத்தை ஊற்றுவதை மறந்து நின்றாள். ஸ்ரீஸ்கந்தராசா குனிந்து பார்த்தார்.

யோகராணி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. துணியை நீவி, சோக்கால் கோடு போட்டு, மெஷினின் மிதியில் காலை வைத்தாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. அந்த வீட்டில் இரண்டு கிழமைக்குப் பிறகு முதல்முறையாக வேறு ஒருவருடைய சத்தமும் இல்லை. கஜீவன் போனை வைத்துவிட்டான். வந்த பெடியன்கள் படியில் குந்தி, கோப்பையை ஊதி ஊதிக் குடித்தார்கள். கீழே ரயில் ஒன்று போய் முடிந்தது. அவளுடைய தோள்கள் மெல்ல மெல்லக் கீழிறங்கின. கண்ணீர் காய்ந்துவிட்டது. எப்போது காய்ந்தது என்று அவள் கவனிக்கவில்லை.

இருபது நிமிடத்தில் நூலை அறுத்தாள். "போட்டுப் பாருங்கோ."

லோஜினி வெளியே வந்தபோது பிளவுஸ் அவள் உடம்பில் வார்த்ததுபோல் இருந்தது. கொக்கிகள் மூச்சு முட்டாமல் பூட்டியிருந்தன.

"இது... எப்பிடி..."

"நீங்கள் அனுப்பின அளவுச் சட்டை பதின்மூண்டு வருசத்துக்கு முந்தினது. நீங்கள் கடைசியா வந்து போகேக்க நான் தைச்சுத் தந்தது. என்ர தையல் எனக்குத் தெரியாதே மச்சாள்? போனில கேட்டனான், புது அளவு அனுப்புங்கோ எண்டு. நான் அப்பிடியேதான் இருக்கிறன் எண்டு சொன்னீங்கள். பதின்மூண்டு வருசம் ஆரும் அப்பிடியே இருக்கிறேல்ல. அதுதான் உள்ளுக்கு விட்டு, பிரிச்சால் தடம் தெரியாமல் பெரிய தையலாப் போட்டனான்."

"அப்ப ஏன் சொல்லேல்ல!"

"சொல்ல விட்டனீங்களோ?"

லோஜினி கதிரையில் உட்கார்ந்தாள். பிளவுஸின் பச்சைக் கையைத் தடவினாள்.

"என்னட்ட வேற சட்டை இல்ல ராணி," என்றாள். கனடாக்காரியின் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "நான் அங்க ஆருக்குச் சேலை கட்டுறன்? பாண் சுடுற பக்டரியில நைற் சிஃப்ட். தலையில வலை, கையில கிளவுஸ், பெரிய கோட். வந்து படுத்து எழும்பத் திரும்பவும் அதே கோட். ஒழுங்கா ஒரு சேலைச் சட்டை எண்டு இருந்தது நீர் தைச்ச அது ஒண்டுதான். அத அனுப்பினால்... பழையபடி வந்து நிப்பன் எண்டு நினைச்சன். அம்மாவின்ர செத்த வீட்டுக்கும் வராதவள். எட்டு வருசம் நீர்தான் அவவைத் தூக்கிப் பார்த்தீர். நான் வந்து உம்மட மெஷினத் தூக்கி வெளிய போடப் பாத்தன். என்ன சனியன் பிடிச்சவள் நான்..."

அவள் எழும்பி வந்து யோகராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மெஷின் கதிரையில் இருந்தவளை நின்றபடியே குனிந்து கட்டிக்கொண்டதால் இருவருக்கும் வசதியில்லை. ஆனாலும் விடவில்லை. "என்ர ராசாத்தி... என்ன மன்னிச்சுக்கொள்ளும்..."

"பட்டில கண்ணீர் பட்டால் கறை பிடிக்கும் மச்சாள்," என்றாள் யோகராணி. அவளும்தான் அழுதுகொண்டிருந்தாள்.

ஸ்ரீஸ்கந்தராசா வாசலையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப... ராணி... இந்தப் பெடியளுக்கு நான் என்ன சொல்லுறது? பியோனுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

யோகராணி முகத்தைத் துடைத்தாள்.

"வாக்குக் குடுத்தனீங்கள் எண்டால் குடுக்கத்தான் வேணும். உங்கட சாய்மனைக் கதிரையக் குடுங்கோ. மெஷினை விட ரெண்டு மடங்கு இடம் பிடிக்குது. அது போனால் பத்தரும் அந்த இடத்தில வசதியா இருப்பார்."

"என்ர கதிரையோ? அதில நான் இருபது வருசமா..."

"தானம் எண்டால் தன்ர சாமானைக் குடுக்கவேணும். மற்றவையின்ர சாமானைக் குடுக்கிறதுக்கு வேற பேர்."

ஆரணி சிரிப்பை அடக்கமுடியாமல் குசினிக்குள் ஓடினாள். லோஜினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "குடு தம்பி," என்றாள். "புண்ணியமான காரியம்தானே."

கதிரை நாலு மாடி இறங்கிப் போனது. ஸ்ரீஸ்கந்தராசா ஒவ்வொரு திருப்பத்திலும் "பாத்து, பாத்து" என்று கூடவே போனார். திரும்பி வந்தவர், மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிளவுஸிலிருந்து அறுத்த பழைய நூல் நிலத்தில் கிடந்தது. குனிந்து பொறுக்கினார்.

"கவனமாத்தான் தைச்சிருக்கிறீர்," என்றார், நூலைப் பார்த்துக்கொண்டு.

"ம்."

"நான்... பாக்காமல் சொல்லிப்போட்டன்."

"ஓம், பாக்காமல்தான் சொன்னீங்கள்," என்றாள். அதற்கு மேல் அவரை அவள் தப்பவும் விடவில்லை, வதைக்கவும் இல்லை.

மறுநாள் காலை சூட்கேஸ்கள் கட்டிலுக்குக் கீழே போயிருந்தன. பத்து மணிக்கு யோகராணி வெளிர்நீலப் பருத்தியில் நாலு முழத்தை விரித்தாள். லோஜினிக்கு வீட்டில் போட ஒரு சட்டை. இந்த முறை நாடாவால் அளந்தாள். லோஜினி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். வந்த அளவை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

"மாமி, அந்த அயன் எங்க?" என்று கஜீவன் அறையிலிருந்து கேட்டான்.

"உஷ்! என்னட்டக் கேளடா!" என்று லோஜினி அதட்டினாள். தேநீரோடு யன்னலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். நேர்த்தையல் ஒன்று போய் முடியும்வரை பார்த்தாள்.

"ராணி..."

யோகராணி காலை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

லோஜினி ஏதோ கேட்க வாயெடுத்தவள், கோப்பையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்ல," என்றாள். "நீர் தையும்."