வல்லினம் மிகும் இடம்

காலை பத்து மணிக்கு மாணவர் நலச் சங்கத்தின் குட்டு உடைந்தது. இந்த ஆண்டு உதவி பெற்றதாக ரசீதில் இருந்த ஒன்பது பேரும் காசைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பத்தரைக்குள் திருடியும் கிடைத்துவிட்டாள்: சங்கத்தின் பொருளாளர், இரண்டாம் ஆண்டு மாணவி. நான்கு மணிக்கு அவளைக் கல்லூரியைவிட்டு நீக்குவதாக ஏற்பாடு.

நன்கொடை தரும் பழைய மாணவர்கள் சார்பில் கணக்கைப் பார்க்க வந்தவள், அச்சகமொன்றில் பிழைதிருத்துபவள். பன்னிரண்டு வருடம் கழித்துச் சங்க அறைக்குள் நுழைந்தாள். அதே மேசை. அதே ஆலோசகர்.

"வாம்மா. பிழைப்பு எப்படிப் போகுது?"

"பிழையாலதான் சார் பிழைப்பு."

சிரித்தார். அவருக்கு மறந்துவிட்டது. அவள் உதவி கேட்டு எழுதிய மனுவைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "முதல்ல ஒற்றெழுத்தை ஒழுங்கா போடு, அப்புறம் கையேந்து" என்று எல்லார் முன்னும் நீட்டியவர். அந்தப் பருவத்தோடு அவள் படிப்பு நின்றது.

பன்னிரண்டேகால். பொருளாளரைத் தனியே உட்காரவைத்தாள்.

"பசங்களுக்குக் காசு யார் குடுப்பாங்க?"

"சார்தான், அக்கா. இப்ப எங்கிட்ட குடுத்ததா சொல்றாரு."

"ரசீது?"

"வாங்கினவங்களே எழுதினதுன்னு கொண்டுவந்து தருவாரு. நான் கட்டி வைப்பேன்."

"எழுதிக் குடு."

எழுதினாள்: 'பணத்தை எடுக்க நான் என்னவே இல்லை.' பிழைதிருத்துபவள் 'என்னவே'யை இரண்டு முறை வாசித்தாள்.

இரண்டு மணி. பன்னிரண்டு வருட மனுக்களையும் ரசீதுகளையும் அருகருகே பரப்பினாள். மனுக்களில் 'உதவி தொகை', 'பெற்று கொள்ள', 'கட்டனம்'. ரசீதுகளில், அதே ஆட்கள்: 'உதவித்தொகை பெற்றுக்கொண்டேன்.' ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வு, ஒவ்வொரு மை. அடிக்கட்டில் ஒரு ரசீதைப் பார்த்ததும் கை நின்றது. அவள் பெயர்.

நான்கு மணி. முதல்வர் அறை.

"ரசீது எல்லாம் எழுதினது சார்தான்," என்றாள் பிழைதிருத்துபவள்.

ஆலோசகர் சீறினார். "நூறு பேர் கையெழுத்தும்மா அது!"

"நூறு விதமா சாய்ச்சிருக்கீங்க. ஆனா மனுவில ஒற்றெழுத்தை முழுங்கினவங்க ஒருத்தர்கூட ரசீதில முழுங்கல. இந்தப் பொண்ணுக்கு 'எண்ண'ன்னு எழுதவே வராது. முதல் ரசீது எழுதினப்ப இவ ரெண்டாங்கிளாஸ்." தன் ரசீதை நீட்டினாள். "இது நான் வாங்காத காசு. எவ்ளோ சுத்தமா எழுதியிருக்கேன் பாருங்க. அன்னிக்கு எனக்கு இது வராதுன்னுதானே சார் விரட்டினீங்க? உங்க கைக்குத் தப்பா எழுதத் தெரியல."



முதல்வர் கதவைச் சாத்தினார். "அந்தப் பொண்ணு வகுப்புக்குப் போகட்டும். விஷயம் வெளிய போக வேணாம். சார், ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க."

உடல்நலக் காரணங்களுக்காக என்று நான்கு வரி. ஆலோசகர் எழுதி மேசையில் வைத்தார். பிழைதிருத்துபவள் பழக்கதோஷத்தில் எடுத்து வாசித்தாள்.

ஓர் ஒற்றுகூடத் தவறவில்லை.