எட்டுத் தடக் குரல்

நகரத்தில் யாரும் வெறுங்காதால் கேட்பதில்லை. இரைச்சல் தாங்காமல் காதை அடைத்துக்கொண்டு செவிப்பொறியில் கேட்கிறார்கள். தொண்டையில் மாட்டிய குரல்பொறியில் பேசுகிறார்கள். குரல்பொறி பேசுமுன் ஒரு விவரச் சீட்டை நீட்டும்: ‘எனக்கு எட்டுத் தடம், சீட்டின் நீளம் அறுபது எழுத்து.’ தடம் என்பது குரல் ஓடும் வழி, அது கூடினால் அந்தஸ்து. சீட்டுக்குள் ஒரு தடத்துக்குரிய ஒன்பதே எழுத்து இருந்தாலும் செவிப்பொறி அறுபதையும் படிக்கும். மீதியைப் பக்கத்து ஆளின் பேச்சிலிருந்து அள்ளிக்கொள்ளும். இந்த ஏமாளித்தனத்துக்குச் செவிப்பொறிகளை நடத்தும் செவித்துறை வருடாவருடம் தனக்குத்தானே விருது கொடுத்துக்கொண்டது.

போன மாதம் எட்டுத் தடப் பொறி மாட்டிய டாக்டர் ‘இடது முட்டி’ என்றார். அடுத்த அறுவை அரங்கின் ‘வலது’ வந்து ஒட்டிக்கொண்டது. செவித்துறை நிரலாளர் அருள்மேரியின் கணவனுக்கு நல்ல முட்டி போயிற்று.

அவள் செவிப்பொறியின் நிரலில் இரண்டே வரி எழுதினாள்: சொன்ன நீளத்தை உள்ள நீளத்தோடு ஒப்பிடு, பொய்யென்றால் தள்ளு.

காலை பத்து மணிக்குள் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஊமையானார்கள். எட்டுத் தடம் என்று விற்றதெல்லாம் ஒரு தடம்தான். பூக்காரியின் ஓட்டைப் பொறி ஒன்று என்றது, ஒன்றே இருந்தது. அவள் குரல் கணீரென்று கேட்டது. அந்தப் பொறியைக் கெஞ்சி வாங்கி வாயருகே பிடித்தபடி செவித்துறை இயக்குநர் சிவசைலம் ஓடிவந்தார்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கே? பழசையே திருப்பிப் போடு!”

“போட்டா அடுத்தது யார் முட்டி சார்? நீங்க ஒரு தடப் பொறி வாங்கி மாட்டிக்குங்களேன்.”

“நானா? அதையெல்லாம் எவன் மாட்டுவான்?”

“அப்ப விலக்குப் பட்டியல் போடறேன். பேர் குடுக்கறவங்க சீட்டைச் செவிப்பொறி உள்ளபடி ஒரு தடம்னே படிக்கும். ஆனா விலக்கு குடுத்தா பேச்சைக் கேக்கறவங்க காதுல காரணத்தையும் சொல்லணும்னு விதி இருக்கு சார்.”

“தெரியும், நான்தானே எழுதினேன். எவன் கவனிக்கப் போறான்? முதல்ல என் பேரைப் போடு.”

அந்த விதியை அவர் எழுதியது தெருவோர வியாபாரிகளை மடக்க. இப்போது நாலாயிரம் பிரமுகர்கள் முட்டி மோதிக்கொண்டு பட்டியலில் ஏறினார்கள். வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

அன்று மாலை செவித்துறை விருது விழாவில் சிவசைலம் மேடையேறி, “பெருமக்களே” என்றார். அதற்கு முன்பே எல்லோர் காதிலும் செவிப்பொறி சொன்னது: ‘இவர் எட்டு என்பார். உள்ளது ஒன்று.’ அரங்கம் சிரித்தது. அவர் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் அது சொன்னது.

மேடையிலிருந்தபடியே அருள்மேரியை அழைத்து, “என் பேரை உடனே எடு!” என்று கத்தினார்.

எடுத்தாள். அதன்பிறகு அவர் என்னென்னவோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.