மங்கலாய் எரிந்த நட்சத்திரம்

"சேசு மரி சூசை! இந்த ஸ்டாரப் பாரேன்... ஊர்ல கீற ஸ்டாரெல்லாம் ஜெகஜோதியா எரியுது, நம்மளது மட்டும் சாவு வூட்டு வெளக்காட்டம் கீது!"

விடிந்தும் அணைக்காமல் விட்டிருந்த பால்கனி நட்சத்திரத்தைப் பார்த்து ரெஜினாம்மாள் தொடங்கிவிட்டாள். சாந்தோமில் அந்தச் சந்து முழுக்க வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் நட்சத்திரம்தான். அவள் மகன் காஸ்பர் வீட்டு நட்சத்திரம் மட்டும் உள்ளிருக்கும் பல்பு பாதி உயிரோடு மினுங்கியது.

"வாங்கினு வந்தது யாரு? எம் மருமவ! அவ கை பட்டா டிஸ்க்கும் பொகையும், ஸ்டாரும் மங்கும்!"

சமையலறையில் நொச்சிக்குப்பத்துச் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்த மர்சலின் காதில் எல்லாம் விழுந்தது. விழவேண்டும் என்றுதானே பேசுவதே! மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். இந்த வீட்டில் யார் உடைத்தாலும் அது மருமகள் உடைத்த பொன்சட்டிதான்.

காஸ்பர் கோயில் கல்யாணங்களுக்கும் ஞானஸ்நானங்களுக்கும் வீடியோ எடுப்பவர். எடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. அதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெண் வீட்டாரைக் கண்ணீர் விட வைப்பது மர்சலின். ஆனால் வாசல் போர்டில் பெயர் என்னவோ 'காஸ்பர் வீடியோஸ்'.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கியதும் நட்சத்திரம் கட்டினார்கள். மறுநாள் மர்சலின் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து, பெரிய ஹார்ட் டிஸ்க்கில் பவர் அடாப்டரைச் செருகி சுவிட்சைப் போட்டாள். டப்பென்று ஒரு சத்தம்! பிளாஸ்டிக் கருகும் நாற்றம்! அவ்வளவுதான்.

அந்த டிஸ்க்கில்தான் ஆண்ட்ரூ இருந்தான். காஸ்பரின் தங்கை ஷெரிலின் கணவன். அடையாறு ஆஸ்பத்திரியில் புற்றுநோயோடு கிடந்தபோது, மகள் முதன்முதலாய் நற்கருணை வாங்கும் புதுநன்மை அன்று அவளுக்குப் போட்டுக் காட்டச் சொல்லி வீடியோவில் பேசி வைத்துவிட்டுப் போனவன். அதற்கு வேறு பிரதி இல்லை. நம் வீட்டு டிஸ்க்குக்கு என்ன வந்துவிடும் என்று யாரும் எடுத்து வைக்கவில்லை. இதோ, பொங்கல் கழிந்தால் குழந்தைக்குப் புதுநன்மை.

ஆண்ட்ரூ போனதிலிருந்து இதே வீட்டில் இருக்கும் ஷெரில், டிபன் டப்பா எடுக்க உள்ளே வந்தாள். மர்சலின் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"ஷெரில்... குழந்தை கவுனுக்கு அளவு எடுக்கணும். சாயங்காலம் நான்..."

"வேணாம் அண்ணி! நீங்க எதையும் தொட வேணாம்." ஷெரில் டப்பாவை வெடுக்கென்று எடுத்தாள். "எம் புருஷன் ஒரு வாட்டி செத்தாரு. நீங்க ரெண்டாவது வாட்டி சாவடிச்சிட்டீங்க. அது போதும்!"

மர்சலின் கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். ஒரு வார்த்தை... 'வேணும்னா செஞ்சா?' என்று ஒரே ஒரு வார்த்தை! அதுகூட வரவில்லை.

"ஏங்க, டிஸ்க்க எந்தக் கடையில காட்டுனீங்க?"

"அதான் சொன்னேன்ல... ரிச்சி ஸ்ட்ரீட்ல. முடியாதுன்னுட்டான்."

"எந்தக் கடை?"

"பேரெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது? போனது போனதுதான். வுடு மர்சி!"

அவள் விடவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மேசை இழுப்பறையைத் திறந்து டிஸ்க்கையும், அதோடு கிடந்த அடாப்டரையும் துணிப்பையில் போட்டாள்.

"மீன் பாதியில கீது... எங்கடி கெளம்பிட்ட? கெட்டுப் பூடும்!" என்று கத்தினாள் ரெஜினாம்மாள்.

"கெடட்டும் அத்தை," என்றாள் மர்சலின். இந்த வீட்டுக்கு வந்த நாளாய் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்ததில்லை. மாமியார் திறந்த வாயை மூட மறந்தே போனாள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மூன்று கடைக்காரர்கள் டிஸ்க்கைக் கையில்கூட வாங்காமல் உதட்டைப் பிதுக்கினார்கள். நாலாவது, மாடியில் இருந்த ஷகீலாவின் கடை. பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் குனிந்திருந்த அந்தப் பெண் டிஸ்க்கைக் கழற்றி, பச்சைப் பலகையை முகர்ந்து பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி யாரும் தொறக்கலையே அக்கா. ஸ்க்ரூவெல்லாம் புதுசாட்டம் இருக்கு."

மர்சலின் குனிந்து அந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தாள். காட்டினேன் என்றாரே மனிதர்! எங்கே காட்டினார்?

"எந்த அடாப்டர்ல போட்டீங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஷகீலா அதைத் திருப்பி எழுத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது டிஸ்க்கோடது இல்ல. டிஸ்க் கேக்கிறது பன்னெண்டு வோல்ட். இது இருபத்து நாலு. பாக்க ஒண்ணாதான் இருக்கும், முனையும் ஒரே அளவு. வீட்ல வேற எதுக்கு வாங்குனீங்க?"

"தெரியலம்மா... எப்பவும் மேசை மேல கெடக்கறதத்தான் எடுத்துச் செருகினேன். சத்தியமா..."

"உங்கள யாரும் குத்தம் சொல்லல அக்கா, உக்காருங்க. வெளியில இருக்கிற போர்டு எரிஞ்சு போச்சு. ஆனா உள்ள, இதோ பாருங்க..." அரிசி மணியளவு கருப்பாய் ஒன்றைக் காட்டினாள். "இது டயோடு. கரண்ட் எக்கச்சக்கமா வந்தா இது முன்னாடி நின்னு வாங்கிக்கும். தான் செத்து மத்ததக் காப்பாத்தும். இத எடுத்துட்டு, சரியான கரண்ட் குடுத்தா டிஸ்க் எழுந்துக்கும்னு நெனைக்கிறேன்."

"எத்தினி வாட்டி தாங்கும் இது?"

"ஒரு வாட்டிதான்," என்று சிரித்தாள் ஷகீலா.

அவள் அதை நெம்பி எடுத்து, வேறு கம்பி கோத்து, சுவிட்சைப் போட்டாள். மர்சலின் மாதாவை வேண்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உய்ய்ங்... என்று டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது. பிரசவ வார்டின் கதவுக்கு வெளியே நின்று குழந்தை அழும் சத்தத்தைக் கேட்டவளைப் போல அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஆண்ட்ரூவின் கோப்பு பென் டிரைவுக்கு வந்துவிட்டது. மிச்சத்தை மெதுவாகத் தருவதாகச் சொல்லி அனுப்பினாள் ஷகீலா.

பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்துக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கும் நேரம். எல்லா வீட்டு நட்சத்திரமும் பளிச்சென்று எரிந்தது. தன் வீட்டுப் பால்கனியில் மட்டும் பாதி வெளிச்சத்தில் மினுங்கியதை அண்ணாந்து பார்த்தவள் நடுச்சந்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

டிஸ்க்குக்குப் போகவேண்டிய பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் எங்கே போயிற்று? நட்சத்திரத்தோடு வந்த இருபத்து நாலு எப்படி மேசைக்கு வந்தது? நட்சத்திரத்தை எடிட்டிங் மேசையில் வைத்து எரிகிறதா என்று பார்த்தது யார்? பால்கனியில் ஏறிக் கட்டியது யார்?

ஐயோ... அவரா!

படியேறியதும் காஸ்பர் ஓடி வந்தார். அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தார்.

"மர்சி... கடக்காரன் எதுனா சொன்னானா?"

"எல்லாம் சொல்லிட்டாங்க. ஆண்ட்ரூ பேசுனதும் கெடச்சிடுச்சு. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் தலை குனிந்தது. "அன்னிக்கே... அடாப்டரைத் திருப்பிப் பாத்தேன். ஆண்ட்ரூ சாவும்போது எங்கையப் புடிச்சினு சொன்னான், 'பத்திரமா வெச்சிரு மச்சான்'னு. எந்த மூஞ்ச வெச்சினு ஷெரில் கிட்ட சொல்றது? ஸ்டாருக்கு அடாப்டரை மாத்துனா கூட கேள்வி வரும்னு அப்பிடியே வுட்டேன்..." குரல் தழைந்தது. "டிஸ்க்தான் சரியாயிடுச்சே! இப்ப எதுக்கு அதெல்லாம்? நீயே எதோ தெரியாம செஞ்சதா இருந்துட்டுப் போவட்டும். உனக்குத்தான் இதெல்லாம் பழகிப் போச்சே மர்சி!"

பழகிப் போச்சு! அவள் மீது விழுந்த அத்தனை ஏச்சையும்விட அந்த ஒரு சொல் ஆழமாய் இறங்கியது.

"பழகலங்க," என்றாள். "தாங்கிக்கினு இருந்தேன். ரெண்டும் வேற. அந்தக் கடையில அரிசியாட்டம் ஒரு சாமான் காட்டுனாங்க. எல்லாரையும் காப்பாத்த அது செத்துச்சாம். அது கூட ஒரு வாட்டிதாங்க செத்துச்சு!"

விடுவிடுவென்று பால்கனிக்குப் போனாள். நட்சத்திரத்தின் அடாப்டரைப் பிடுங்கினாள். கூடத்து மேசையில், மாமியாரும் ஷெரிலும் பார்த்திருக்க, பையில் இருந்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஸ்டார அணைச்சிட்டியா பாவி! கிறிஸ்துமஸ் நேரத்துல..."

"அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க. ஏங்க, வந்து படிங்க. சத்தமாப் படிங்க."

காஸ்பர் வந்தார். மனைவியைப் பார்த்தார். தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்ததும் அடாப்டர்களைப் படிக்கவில்லை. தங்கையின் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஷெரில்... ஸ்டார் கட்டும்போது நான்தான்டி மாத்தி வெச்சேன். அண்ணி மேல தப்பே இல்ல. தெரிஞ்சும் வாயத் தொறக்கல... என்ன மன்னிச்சிரு!"

ரெஜினாம்மாளின் கையிலிருந்த ஜெபமாலை அசையாமல் நின்றது. மர்சலின் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

திரையில் ஆண்ட்ரூ வந்தான். மொட்டைத் தலை, வற்றிய கன்னம். கண்ணில் மட்டும் அதே குறும்பு.

"அக்கா... மச்சான் அழுதுகினே வெளிய போயிட்டாரு. கேமராவ நீங்கதான் புடிக்கணும் போலக் கீதே. உங்களால முடியுமா?"

கேமராவுக்குப் பின்னால் இருந்து மர்சலினின் குரல் வந்தது. "நீ பேசு தம்பி. நான் ஆடாமப் புடிச்சிக்கிறேன்."

படம் ஆடவே இல்லை. அன்று ஷெரில் வராந்தாவில் மயங்கிக் கிடந்தாள். காஸ்பர்தான் எடுத்தார் என்றே இன்றுவரை இந்த வீடு நம்பியிருந்தது. தான்தான் எடுத்ததாக மர்சலினும் ஒருநாள் சொன்னதில்லை.

"என் செல்லக் குட்டி..." என்று ஆண்ட்ரூ தொடங்கினான். ஷெரில் பாய்ந்து வீடியோவை நிறுத்தினாள்.

"போதும்... மிச்சம் அவ கேக்க வேண்டியது." திரும்பினாள். "அண்ணி! எம் புருஷன சாவடிச்சதா சொன்னேனே... இந்த நாக்கு அழுகிப் போவக் கூடாதா!"

"சீ, என்ன பேச்சுடி இது!" மர்சலின் அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இருவரும் விம்மி விம்மி அழுதார்கள். இத்தனை நாளும் ஒரே வீட்டில் தனித்தனியாக அழுத அழுகை அது.

அழுது முடித்ததும் மர்சலின் இருபத்து நாலு அடாப்டரை எடுத்துப் போய் நட்சத்திரத்தில் செருகினாள். பால்கனி பளீரென்றது. எதிர்வீட்டுக்காரி கூட எட்டிப் பார்த்தாள்.

ரெஜினாம்மாள் தொண்டையைச் செருமினாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு ஏது? "சரி சரி... அழுதது போதும். எல்லாருக்கும் ஒரு காபி போட்டுக் குடு மர்சலின்."

மர்சலின் கூடத்தில் காஸ்பரின் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு அவரு போடுவாரு அத்தை. ஃப்ரிட்ஜ்ல கீற மீனையும் அவரே கழுவட்டும். அப்புறம் வாசல் போர்டுல எம் பேரையும் எழுதணும். முதல்ல எம் பேரு."

காஸ்பர் மறுபேச்சில்லாமல் எழுந்து சமையலறைக்குள் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"மர்சி... சக்கர டப்பா எங்க கீது?"

மர்சலின் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.