கூரை வழியாக வர வேண்டியவன்

தெருக்கதவைத் தட்டியவனின் குரல் கேட்டதும் சோசிஸுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதுதான் வேடிக்கை. முற்றத்தில் உட்கார்ந்து சூரைமீனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தவன், கத்தியைப் போட்டுவிட்டுச் சின்னப் பையன்போல ஓடினான்.

"டேய் சோசி! தெறடா. நீ மீன் அறுக்குற நாத்தம் துறைமுகம் வரைக்கும் வருது. அத மோந்துக்கிட்டேதான் வழி கண்டுபிடிச்சேன்."

அண்ணன் தெரோன்.

தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் மற்றதெல்லாம் ஞாபகம் வந்தது. தெரோனின் படகு கருங்கடலில் கவிழ்ந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. ஊர் எல்லையில் வெறும் கல்லறை ஒன்றைக் கட்டி, மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காரியமெல்லாம் முடித்தாயிற்று. வீடு, வலை, உப்புத் தொட்டிகள், அண்ணி மிர்த்தோ, எல்லாம் தம்பி கைக்கு வந்து சேர்ந்தன. பிறந்ததிலிருந்து அண்ணனின் பழைய சட்டையைப் போட்டு வளர்ந்தவனுக்கு, அண்ணனின் வாழ்க்கையும் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது. ஆனால் கழற்ற மனசில்லை.

கதவிடுக்கில் பார்த்தான். தாடி நரைத்து, கன்னம் ஒட்டி, தோளில் ஆட்டுத்தோலோடு அண்ணன் நின்றான். அதே பெரிய சிரிப்பு.

"உயிரோடயா இருக்க?"

"பாதி. வடகரைக் காட்டுப்பயலுக புடிச்சு ஆடு மேய்க்க விட்டுட்டானுங்க. சரி, வாசல் வழியா வரக்கூடாது, தெரியும். காரியம் முடிஞ்சவன் நடை தாண்டினா வீட்டுக்கு ஆகாது. ஏணியப் போடு, ரெண்டு ஓட்டப் பிரி. கூரை வழியா எறங்குறேன். குளிப்பாட்டி, துணியில சுத்தி, ஒரு வாய் பால் குடுத்துட்டா நானும் புதுசாப் பொறந்தவன். இந்தத் தாடியோட என்னைய மடியில போட்டா மிர்த்தோ சிரிச்சே செத்துருவா."

"ஏணி... ஒடஞ்சு கெடக்குண்ணே. நாளைக்குப் பாப்போம்."

ஏணி முற்றத்துச் சுவரில் முழுசாகச் சாய்ந்திருந்தது. அதன் அடியில் மிர்த்தோ நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் ஏணியைத் தூக்கப் போனபோது சோசிஸ் கோடரியை எடுத்தான். அவனுக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. அதனால் ஏணியை உடைத்தான்.

எதிர்வீட்டு ஃபெய்டான் ஜன்னலில் தலையை நீட்டினான். "சோசி, உங்க அண்ணனாப்பா அது?"

"அண்ணன் மாதிரிதான் இருக்கு," என்றான் சோசிஸ், கதவிடுக்கு வழியாக, மெதுவாக. "நெழல் விழலியே, கவனிச்சீங்களா?"

ஃபெய்டான் பார்த்தான். வானம் மூடியிருந்தது. அன்றைக்கு ஊரில் யாருக்குமே நிழல் விழவில்லை. ஆனால் ஃபெய்டான் தன் நிழலைத் தேடவில்லை. ஜன்னலைச் சாத்தினான்.

பொழுது சாய்வதற்குள் ஊரிலுள்ள எல்லா ஜன்னலும் சாத்திக்கொண்டது. தெரோனை ஏற்றிவந்த கப்பல்காரன் விஷயம் கேள்விப்பட்டு அப்போதே நங்கூரத்தைத் தூக்கினான். அதுதான் அந்த வருஷத்துக் கடைசிக் கப்பல். தெரோன் ஊர் எல்லைக்குப் போய், தன் பெயர் வெட்டிய கல்லுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கினான்.

ஊர் ஒன்றும் கல்நெஞ்சம் இல்லை. இறந்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தது. பெண்கள் பாலும் தேனும் கலந்து கொண்டுபோய், முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் காலடி மண்ணில் ஊற்றினார்கள்.

"மண்ணுல ஊத்தாதீங்க தாயே. கையில ஊத்துங்க."

அவன் பேசப் பேச அவர்கள் வேகமாக ஓடினார்கள். அவன் குனிந்து மண்ணை நக்கினான்.

குளிர் இறுகியபோது சோசிஸுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு மத்தியானம் சூடான பாலை மண்குடுவையில் எடுத்துக்கொண்டு போனான். உண்மையாகவே கொடுக்கத்தான் போனான்.

தெரோனின் உதடு கறுத்திருந்தது. ஆனாலும் சிரித்தான். "கல்லு நல்லாருக்குடா. இதுக்கு அழுத காசுல ஒரு ஏணி வாங்கியிருக்கலாம்."

"அண்ணே..." சோசிஸ் குடுவையை நீட்டினான். தெரோனின் விரல்கள் அதைத் தொட்டன. அந்த நேரம் பார்த்து, கழுதையோடு வந்த ஃபெய்டான் பாதையில் நின்றான்.

சோசிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குடுவையைக் கவிழ்த்தான்.

பால் மண்ணில் ஆவி விட்டது. தெரோன் குனியவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் பனி விழுந்த வாரம் கல்லறைமேல் காக்கைகள் சண்டை போட்டன. யாரும் புதைக்கப் போகவில்லை. காரியம் முடிந்தவனை மறுபடி எப்படிப் புதைப்பது? எல்லோரும் சட்டம் தெரிந்தவர்கள்தான்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள், பட்டப்பகலில், உள்ளறையின் கூரையிலிருந்து ஓர் ஓடு விழுந்தது.

பிறகு இன்னொன்று. விழுந்தது அல்ல. யாரோ பக்குவமாக எடுத்து ஓரமாக வைக்கும் சத்தம்.

சோசிஸ் ஓடிப்போய்ப் பார்த்தான். கூரையில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அறையில் உப்பு வாடை. நனைந்த ஆட்டுத்தோலின் வாடை. ஓட்டை அடைக்க ஏணி இல்லை.

யாரும் இல்லை.

அப்புறம், அழுகை.

பச்சைப் பிள்ளையின் அழுகை.

பிள்ளை பெறாத மிர்த்தோவின் மார்புத் துணி நனைந்தது. அவள் சோசிஸைத் தாண்டி உள்ளறைக்குப் போய், பனி விழும் அந்த ஓட்டையின் கீழ் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வெந்நீர் வைத்தாள். எதையோ குளிப்பாட்டினாள். துண்டு ஒன்றில் எதையோ சுற்றி மடியில் போட்டாள். அழுகை நின்றது. சப்புக்கொட்டும் சத்தம் வந்தது.

"மிர்த்தோ, என்ன பண்ற நீ? அங்க ஒண்ணுமில்ல."

"மெதுவாப் பேசு. இப்பதான் கண்ணசந்தான்."

"யாரு?"

அவள் அவனை இளக்காரமாகப் பார்த்தாள்.

சில நாளில் துண்டு போதவில்லை, சால்வைக்கு மாறினாள். பிறகு கம்பளி. அதற்குள் கனம் ஏறியிருந்தது. தூக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவள் மட்டும் மெலிந்துகொண்டே வந்தாள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. அழுகையும் மாறியது. அடித்தொண்டையில், கட்டைக் குரலில், யாரோ முனகினார்கள்.

சோசிஸ் முற்றத்தில் மீனோடு படுத்தான். காலையில் எழுந்தால் தொட்டியில் உப்பு குறைந்திருக்கும், உள்ளறை வரை சிந்திக் கிடக்கும்.

ஒரு சாயங்காலம் உள்ளறை வாசலில் மிர்த்தோ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் கட்டில்மேல் கம்பளிப் பொதி கிடந்தது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை கிடந்தது. கம்பளி எட்டாத இடத்தில் கட்டில் பலகை ஈரமாக அழுந்தியிருந்தது.

"கம்பளி பத்தல," என்றாள். "படகுல பாய்த்துணி இருக்கில்ல, அத எடுத்துட்டு வா."

"யாருக்கு மிர்த்தோ? சொல்லு. சத்தியமா யாருக்கு?"

"பல்லு மொளச்சிருச்சு." அவள் தன் மார்புத் துணியை லேசாக விலக்கினாள். சோசிஸ் பார்த்தான். ஒரு வரிசை முழுக்க. வளர்ந்த ஆளின் பல் தடம்.

வெளியே போகச் சொன்னதே அவனுக்குப் பெரிய வரமாகப் பட்டது. செருப்புக்கூடப் போடாமல் தாழ்ப்பாளைத் தள்ளி, நடையைத் தாண்டி, பனி கொட்டும் தெருவில் இறங்கினான். கடல்காற்று முகத்தில் அறைந்தது. நிம்மதியாக மூச்சு விட்டான்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

திரும்பினான். மரத்தாழ்ப்பாள் நிதானமாக, முழுசாக, உள்ளே போய் விழும் சத்தம் கேட்டது.

"மிர்த்தோ?"

கதவுக்கு அந்தப்பக்கம், மிக அருகில், யாரோ மூச்சு விட்டார்கள். மிர்த்தோவின் தாலாட்டு வீட்டின் கடைசி அறையிலிருந்து கேட்டது.